இரண்டாம் நாள், எஸ்தர் வீடு

செப்டம்பர் 8, ஞாயிறு

மருமகன் கோகுல் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. எட்டு மாதமாக கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி மட்டும்தான் இதில் இருக்கிறது. இன்றைக்குத்தான் எழுத விஷயம் வந்தது.

சிந்து சென்னையிலிருந்து போன் செய்தாள். அக்டோபர் இரண்டிலிருந்து மூன்று நாள் இங்கே வருகிறார்களாம், அவளும் கோகுலும். அம்மாவைப் பார்க்கத்தான் என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவை இல்லை, மாடுகளைப் பார்க்க. வத்தலக்குண்டில் எங்கள் வீட்டில் பையைப் போட்டுவிட்டு, சுற்றுவட்டாரத்துப் பால் பண்ணைகளையும் சீஸ் செய்கிறவர்களையும் பார்க்கக் கிளம்பிவிடுவார்களாம். குழந்தை பிறந்துவிட்டால் அப்புறம் எங்கே நகர்வது, அதற்குள் ஒரு சின்னப் பயணம் என்றாள். நேரம் கேட்டு வைப்பது, தங்க இடம் பார்ப்பது, கார் பேசுவது எல்லாம் என் தலையில்.

"நீதானம்மா பால்காரி" என்றாள். இருபத்தாறு வருஷமாகப் பால் குளிரூட்டும் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் நிற்கிறேன். என் மகளுக்கு நான் பால்காரி.

வாட்ஸப்பில் திட்டம் வந்திருக்கிறது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள்: மாமா பண்ணை. சாயங்காலக் கறவை பார்ப்பது.
இரண்டாம் நாள்: எஸ்தர் வீடு, மலை. பச்சைப் பாலில் சீஸ் செய்வதைப் பார்ப்பது, சாப்பிடுவது.
மூன்றாம் நாள்: ஒட்டன்சத்திரம் பக்கம் எருமைப் பண்ணை. அப்படியே ரயில்.

'சாப்பிடுவது' பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்ட பொம்மை ஒன்று.

மாமா என்றால் என் தம்பி சௌந்தர். மலையடிவாரத்தில் இருபத்திரண்டு மாடு வைத்திருக்கிறான். அவன் பாலில் பாதி எங்கள் நிலையத்துக்கு வருகிறது, பாதி ஜீப்பில் மலையேறி எஸ்தருக்குப் போகிறது. எஸ்தர் சீஸ் என்றால் சென்னை வரைக்கும் பேராம். சிந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"வளைவு ரோடு. நாலு மாசம் முடிஞ்ச வயித்தோட இதெல்லாம் வேணுமா?" என்றேன்.

"டாக்டரே போகலாம்னுட்டாங்க. நீ ஏம்மா இப்டி பயந்து சாகுற?"

போன தடவை ஐந்தாம் மாதத்தில்தான் கலைந்துபோனது. அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வளைவு ரோட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். இவர் ஓய்வுபெற்ற விளையாட்டு மாஸ்டர். உலகத்தில் எதற்கும் பயப்படாத ஜென்மம். "எலுமிச்சம்பழத்த கையில குடுத்து அனுப்பு" என்றுவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 9, திங்கள்

எருமைப் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். காலை ஒன்பதுக்கு வரச் சொன்னார். கார் பேசியாகிவிட்டது. டிரைவர் மெதுவாக ஓட்டுகிறவர், அதை மூன்று பேரிடம் கேட்டு உறுதி செய்தேன். மேலே தங்க ஒரு வீடு பார்த்து வைத்தேன், மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறது.

எஸ்தருக்குப் போன் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம்.

செப்டம்பர் 10, செவ்வாய்

எஸ்தருக்குச் செய்ய எடுத்த போனில் தம்பி வந்துவிட்டான்.

"அக்கா, செவலையும் கன்னு வீசிருச்சுக்கா. ஏழு மாசச் சினை."

ஜூலைக் கடைசியில் ஒன்று வீசியது. இது இரண்டாவது.

"நஞ்சுக்கொடி விழுந்துச்சாடா?"

"எங்க விழுந்துச்சு. டாக்டரு திண்டுக்கல்லுல இருக்காராம். நானே கைய விட்டு எடுத்துட்டேன்."

"கையில உறை போட்டியா?"

"என்னக்கா நீ, ஆபீசராட்டம் கேக்குற. நம்ம மாட்டுக்கு என்ன உறை?"

சோப்புப் போட்டுக் கழுவு, டெட்டால் போட்டுக் கழுவு என்று கத்தினேன். சரிக்கா சரிக்கா என்று சிரித்தான். புல்லுத் தரையில் வழுக்கி விழுந்திருக்கும் என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். இருக்கலாம். மாடு வழுக்கி விழுவதில்லையா என்ன?

செப்டம்பர் 12, வியாழன்

தம்பி இந்த மாதத்து மாதிரிப் பாலைக் கொண்டுவந்தான். எஸ்தர் பாலைக் காய்ச்சாமல் சீஸ் செய்கிறவள். அதனால் மாதம் ஒருமுறை அவன் மந்தைப் பாலைச் சோதித்து, கன்று வீச்சுக் கிருமி இல்லை என்று அவளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தக் கிருமி மாட்டுக்கு வந்தால் சினை கலையும். பச்சைப் பாலில் மனுஷருக்கு வந்தால் காய்ச்சல். கர்ப்பிணிக்கு வந்தால், அதை நான் எழுதப்போவதில்லை.

பாட்டிலை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன் என்று ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். கைமறதி. உறைந்த பாலில் இந்தச் சோதனை எடுபடாது. இது எங்கள் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

தம்பி சீட்டு கேட்டான். ஜீப் காத்திருந்தது. கொடுத்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

கைமறதி இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இவர் பழைய மாணவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வீட்டில் யாருமில்லை. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சோதனை ரொம்ப எளிது. சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பால். அதில் ஒரு சொட்டு நீல மருந்து. ஒரு மணி நேரம் இளஞ்சூட்டில் வைக்க வேண்டும். கிருமி இல்லாத பால் என்றால் முழுக்க நீலம் பாரித்து, மேலே ஆடை வெள்ளையாக நிற்கும். கிருமி கண்ட பால் என்றால் நீலமெல்லாம் மேலே ஏறி ஆடையோடு ஒட்டி வளையமாக நின்றுவிடும், கீழே பால் வெள்ளையாக இருக்கும்.

போன மாதம் தம்பி பாலில் வளையம் வந்தது.

அவ்வளவுதான். ஒருமுறை வந்தது. மடிவீக்கம் இருந்தாலும் வரும், புதிதாகக் கன்று ஈன்ற மாட்டின் பால் கலந்தாலும் வரும், பால் வண்டியில் கண்டபடி குலுங்கினாலும் குழப்பும். பதிவேட்டில் 'மாதிரி கெட்டது' என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் நிலையத்துக்கு வருகிற பாலைப் பெரிய டெய்ரியில் சூடுபடுத்தித்தான் விற்கிறார்கள், அதனால் ஊருக்கு ஆபத்தில்லை. எஸ்தரின் கட்டிச் சீஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் அறையில் கிடந்து ஊறுகிறது. அத்தனை நாள் எந்தக் கிருமி தாங்கும்?

சொல்லியிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகச் சோதிப்பார்கள். இருக்கிற மாட்டைப் பிரிப்பார்கள். பண்ணை வாசலில் மருந்துச் சுண்ணாம்பு போடுவார்கள். ஊரே பார்க்கும். அந்த மாடுகளைத் தவிர என் தம்பிக்கு வேறு உலகம் கிடையாது, கல்யாணம்கூட வேண்டாம் என்று இருந்துவிட்டவன். அவன் முகத்தைப் பார்த்து எந்த வாயால் சொல்வது?

அவனிடமும் சொல்லவில்லை. 'பாலைக் காய்ச்சாமக் குடிக்காதடா' என்று மட்டும் சொன்னேன். "நீ சின்னப் புள்ளையிலருந்தே இதத்தானக்கா சொல்லுற" என்றான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எஸ்தருக்குப் போன் செய்துவிட்டேன். நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் குரலில் அத்தனை உரிமை. என்னை 'லேப் அக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாப்பா வருதா? வரட்டும் லேப் அக்கா! காலையில ஏழுக்கே வரச் சொல்லுங்க. பால் வந்து எறங்குனதும் மொத வேல நான் ஒரு டம்ளர் குடிப்பேன். பாப்பாக்கும் ஒரு டம்ளர் வச்சிருக்கேன்."

"பச்சையாவா?"

"பின்ன? நாக்குல வச்சுப் பாத்தாத்தான இன்னிக்கு எந்த சீஸுன்னு தெரியும். மாடு என்ன தின்னுச்சுன்னுகூட நான் சொல்லிருவேன். எனக்குக் கத்துக்குடுத்த வெள்ளக்காரம்மா அப்டித்தான் பழக்குனாங்க. பன்னெண்டு வருசமா ஒரு நாள் விட்டதில்ல."

குரல் கம்மியிருந்தது. கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. ரெண்டு வாரமா சாயங்காலமானாக் குளிரு தூக்கிப் போடுது. அப்புறம் போர்வ நனையற அளவுக்கு வேர்வ. காலையில பாத்தா ஒண்ணுமே இல்ல, எந்திரிச்சு வேலையப் பாக்குறேன். இடுப்புதான் கழண்டு விழுது. டெங்கு இல்ல, மலேரியா இல்லன்னுட்டாங்க. வயசாகுதுல்ல."

எஸ்தருக்கு நாற்பத்தொரு வயது.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை. பருப்பு கரியாகிவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

மலைமேல் குளிர் காலம் ஆரம்பிக்கிறது. எல்லோருக்கும் காய்ச்சல் வருகிற நேரம்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

திட்டத்தை மாற்றப் பார்த்தேன். மேலே மண்சரிவு என்று சிந்துவிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் கோகுல் எங்கிருந்தோ விசாரித்து, அப்படி எதுவும் இல்லை அத்தை என்றார். மருமகன் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கக் கூடாது. அடுத்து, எஸ்தருக்குக் காய்ச்சல், தொத்திக்கொள்ளும் என்றேன். அது மட்டும் உண்மை. மாஸ்க் போட்டுக்கொள்வாளாம்.

"உனக்கு என்னதாம்மா பிரச்சன? எஸ்தர் வீட்டுக்கு நான் போறதுல உனக்கு என்ன?"

"பச்சப் பாலு சமாச்சாரமெல்லாம் இந்த நேரத்துல வேண்டாண்டி."

"இங்க டாக்டரும் அதேதான் சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்க மாமா மாட்டுப் பாலு, எங்க அம்மாவே டெஸ்ட் பண்ணி கையெழுத்துப் போடுறாங்கன்னேன். அப்டின்னா சரின்னுட்டாங்க."

லைன் கட்டாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டாள்.

சொல்லிவிட வேண்டும். அவர்கள் வர இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் யோசித்து, பக்குவமாக, யாருக்கும் அடி விழாத மாதிரி சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 21, சனி

தோசை மாவு அரைத்தேன். மிளகாய் காயப்போட்டேன். ஒரு பக்கம் முடிந்தால் இன்னொரு பக்கம் என்று வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன். இவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "என்ன கொடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றார். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது என்றேன். பாவம், உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வாங்கப் போனார். அலமாரியில் இன்னும் ஒரு அட்டை இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை வரிசை மாறாமல் எழுத வேண்டும். பின்னால் யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு தம்பி நிலையத்துக்குப் பால் கேனோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, சிந்துக்குக் கெடச்சுருச்சான்னு கேளு."

"என்னடா?"

"சீஸு. மசக்கக்காரி ஆசப்பட்டுட்டா, வார வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பா? தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்? எஸ்தருட்டச் சொல்லி, புதுசா, வெண்ண மாதிரி இருக்கும்ல அந்தச் சீஸு, அத ஐஸ் பெட்டியில கட்டி சனிக்கெழம பஸ்ஸுல போட்டு விட்டேன்."

புதுச் சீஸ். மாதக்கணக்கில் ஊறுகிற கட்டிச் சீஸ் இல்லை. இன்றைக்கு உறையூற்றி, நாலாம் நாள் தின்கிற சீஸ்.

சோதனைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிந்துவைக் கூப்பிட்டேன். இரண்டு முறை வேறு யாருக்கோ போனது.

"வந்துருச்சும்மா! ஞாயித்துக்கெழமையே வந்துருச்சு. மாமா மாமாதான்."

"சாப்பிட்டியா?"

"தோச மேல போட்டு உருக்கி நேத்து. அய்யோ, என்னா ருசி!"

தோசை மேல். உருக்கி. சூடு பட்டிருக்கிறது. சூடு பட்டால் சாகும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது இதுதான்: "மிச்சத்தத் தூக்கிக் குப்பையில போடு. பஸ்ஸுல வந்தது, கெட்டுப் போயிருக்கும்."

"நல்லாத்தாம்மா இருக்கு."

"கெட்டுப் போயிருக்கும்னா கேளேண்டி!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன்.

தம்பி போய்விட்டான். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரேக்கில் கழுவிக் கவிழ்த்த குழாய்கள். போட்டுவிடுவாளா? என் மகள் நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறாள்? ஒன்றேகாலுக்கு மறுபடி கூப்பிட்டேன்.

"கெட்டெல்லாம் போகலம்மா. நீ சொன்னியேன்னு ஒரு பெரிய துண்ட அப்டியே வாயில போட்டுப் பாத்தேன். புளிப்புகூட இல்ல. ஃப்ரெஷ்ஷா இருக்கு."

அப்டியே. நான் சொன்னேனே என்று.

அதற்குப் பிறகு சொன்னேன். மாமா மாட்டுக்குக் கன்று வீச்சு இருக்கிறது, பாலில் கிருமி இருக்கிறது, எனக்கு முன்னாலேயே தெரியும் என்றேன். இப்போதே வாயைக் கொப்பளி, கோகுலைக் கூப்பிடு, டாக்டரிடம் சொல் என்று கிருமியின் இங்கிலீஷ் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் பென்சில் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"முன்னாலயேன்னா எப்போ?"

"போன மாசம்."

போனை வைத்துவிட்டாள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். தம்பி பாலை மலைக்கு அனுப்புவதை இப்போதே நிறுத்த வேண்டும், எஸ்தர் ரத்தம் கொடுக்க வேண்டும், விற்ற புதுச் சீஸையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். என்ன நடந்தது என்று கேட்டார். மாட்டுக்கு நோய் என்றேன். எனக்கு எப்போது தெரியும் என்பதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25, புதன்

சிந்து எடுக்கவில்லை. கோகுல்தான் பேசினார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். இப்போது எடுத்தால் சரியாகத் தெரியாதாம், மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டுமாம். அதுவரைக்கும் மாத்திரை. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். எப்போதும் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு 'அத்தை' போடுகிறவர், இன்றைக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "சோறு போடு" என்றார். சாப்பிடாமல் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

கால்நடை டாக்டர் வந்து இருபத்திரண்டு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். ஆறு மாட்டுக்கு இருக்கிறது. தனியாகக் கட்டிவிட்டார்கள். தம்பி ஒவ்வொன்றின் கயிற்றையும் அவனே பிடித்துக்கொண்டு போனான், வேறு யாரையும் விடவில்லை. அவனுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறது.

வேப்ப மரத்தடியில் வைத்து அவனிடம் சொன்னேன். கோபப்படுவான், கையை ஓங்குவான் என்றுகூட நினைத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருக்கலாம்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றான். "என் கையால நானே பொட்டி கட்டி அந்தப் புள்ளைக்கு அனுப்பியிருக்கேனே."

"உன் மாடு போயிரும்னுதாண்டா..."

"மாட்ட விட அந்தப் புள்ளதானக்கா பெருசு. இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆகஸ்டில் வயிற்றுப் பிள்ளை என்று ஒன்று என் நினைப்பிலேயே வரவில்லை. வேறு யார் வயிற்றுப் பிள்ளையும் வரவில்லை. எஸ்தரின் சீஸைத் தின்கிறவர்களுக்கு முகமே இல்லை எனக்கு. என் வீட்டு முகம் ஒன்று அதில் வந்த பிறகுதான் எனக்கு உயிர் போயிற்று. இதை எழுதவே கூசுகிறது.

அக்டோபர் 2, புதன்

சிந்து போட்ட திட்டத்தில் முதல் நாள். அவர்கள் வரவில்லை, நான் இரண்டாம் நாளை எடுத்துக்கொண்டேன். காரை வேண்டாமென்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் மலையேறினேன். வளைவு ரோட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ரோட்டைத்தான் எத்தனை தடவை சாட்சிக்கு இழுத்திருக்கிறேன்.

எஸ்தர் வீட்டு வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தில் கிருமி இருக்கிறது, ஆறு வாரத்துக்கு மருந்து. மாட்டுக்கு நோய் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"பாப்பா எப்டி இருக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல. நான் குடுத்த சீஸாச்சே லேப் அக்கா, எனக்கு ஜெபம்கூட வரமாட்டேங்குது. நாந்தான் அந்தப் புள்ளைக்கு வெஷத்தக் குடுத்துட்டேன்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எஸ்தர், எனக்கு ஆகஸ்டுலயே தெரியும்."

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். மெல்ல எழுந்து உள்ளே போனாள். சீஸ் அறையில் தட்டெல்லாம் காலியாக இருந்தது, சுண்ணாம்பு வாடை. சுவரில் ஒரு கம்பியில் சீட்டுகளைக் குத்தி வைத்திருந்தாள், பன்னிரண்டு வருஷத்துச் சீட்டு. மேலே செப்டம்பர் மாதத்துச் சீட்டு. அதை விலக்கி அடுத்ததை உருவி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல சரின்னு எழுதியிருக்கே."

எழுதியிருந்தது. ஆகஸ்ட் 14. என் கையெழுத்து.

டைரியில் இதுவரை எழுதாததை இப்போது எழுதுகிறேன். ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை மூன்று குழாயில் பார்த்தேன். மூன்றிலும் வளையம். புதன்கிழமை காலை தம்பியிடம் புதுப் பால் வாங்கிவரச் சொல்லி மறுபடி மூன்று. மூன்றிலும் வளையம். மடிவீக்கம் இல்லை, குலுங்கவில்லை. பதிவேட்டில் 'மாதிரி கெட்டது' என்று எழுதினேன், எஸ்தர் சீட்டில் 'சரி' என்று எழுதினேன். மறுநாள் சுதந்திர தின விடுமுறை. வீட்டில் கேசரி செய்தேன்.

எஸ்தர் விரல்விட்டு எண்ணினாள். அவளுக்கு முதல் குளிர் வந்தது செப்டம்பர் மூன்றாம் தேதி.

"அப்போ பதினாலாம் தேதியே நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்த டம்ளரத் தொட்டிருக்க மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. கணக்குச் சரிதானா என்று கேட்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"தொட்டிருக்க மாட்ட."

"நாக்கு எல்லாத்தையும் சொல்லும்னு நெனச்சேன். மாடு என்ன தின்னுச்சுன்னு சொல்லுச்சு. இதச் சொல்லல. இதச் சொல்லத்தான் இந்தச் சீட்டு."

செப்டம்பர் சீட்டையும் உருவி, இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. அவள் வீட்டில் யாரையும் டீ குடிக்காமல் அனுப்பமாட்டாள் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

அக்டோபர் 4, வெள்ளி

மேனேஜரிடம் இரண்டு சீட்டையும் கொடுத்தேன், ஆகஸ்டும் செப்டம்பரும். பதிவேட்டைத் திறந்து, 'மாதிரி கெட்டது' என்பதை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் எழுதினேன்: மாதிரி நன்றாக இருந்தது. இரண்டு நாள், ஆறு குழாய், ஆறிலும் வளையம். சோதித்தவர் பொற்கொடி.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

சிந்து இன்னும் பேசவில்லை. கோகுல் தினமும் ஒரு செய்தி அனுப்புகிறார்: காய்ச்சல் இல்லை. அந்த இரண்டு வார்த்தைக்காகக் காலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறேன், அடிபிடிக்கிற வரைக்கும்.

அக்டோபர் 15, செவ்வாய்

தம்பி ரத்தம் சுத்தம். எஸ்தருக்குக் குளிர் குறைந்திருக்கிறதாம். அவளிடம் பேசத் தோன்றுகிறது, தைரியம் இல்லை.

நாளை மறுநாள் சிந்துவுக்கு இரண்டாவது சோதனை.

அக்டோபர் 18, வெள்ளி

காலை பதினொன்றரைக்குப் போன் அடித்தது. திரையில் சிந்து பெயர். இருபத்துநான்கு நாளைக்குப் பிறகு. எடுக்கக் கை வரவில்லை. இவர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"ரிப்போர்ட் வந்துருச்சு" என்றாள்.

என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லன்னு போட்டுருக்காங்க. குழந்தையும் நல்லாருக்குன்னாங்க."

அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன், எந்தெந்தச் சாமி பெயரையெல்லாமோ. அவள் அழவில்லை. நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுடி."

"கீழ ஒரு கையெழுத்து இருக்கு. யாருன்னு தெரியல. காலையிலருந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன். இவங்க பாத்ததத்தான் எழுதியிருப்பாங்களா?"

பெரிய ஆஸ்பத்திரி, அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்ல முடியவில்லை.

"எனக்குத் தெரியலடி" என்றேன். "இன்னொரு எடத்துலயும் ஒரு தடவ குடுத்துப் பாரு."

"சரி" என்றாள். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மிக்சி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.